காருக்குள் ஒரு கூட்டுப் பட்டா

1

நிம்மதியான தூக்கத்தின் விலை ஏழாயிரத்து நானூறு ரூபாய். உறை தனி.

இது நான் சொன்ன விலை இல்லை. திருவாரூரில் கமலாலயக் குளக்கரையோரம் மெத்தைக்கடை வைத்திருக்கும் ரிஃப்கா அக்கா சொன்ன விலை. நான் அங்கே போனது ஒரு தலையணை வாங்க. விலையை இறக்குவதற்காகப் பேச்சை வளர்த்தேன். பேச்சு வளர்ந்து வளர்ந்து இந்தக் கதையாகக் கைக்கு வந்தது. தலையணை விலை மட்டும் இம்மியும் இறங்கவில்லை. ஆகவே இந்தக் கதை எனக்கு இனாமாக வந்த சரக்கு. இனாமாக வந்ததை இப்படிக் கூசாமல் விற்கிறானே என்று நினைக்காதீர்கள். கும்பகோணத்தில் பாத்திரக்கடைக்குப் பின்கட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் குழந்தை முதலில் பேசும் சொல் "அம்மா" கிடையாது, "கட்டாது."

2

கதையின் முதல் வரியும் கடையில் முதலில் சொல்லும் விலையும் ஒரே ஜாதி. இரண்டையும் யாரும் அப்படியே நம்பிவிடக் கூடாது. எழுதிப் பார்த்து எடுத்துப் போட்டவை:

"காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும்—" [வேண்டாம். டெல்டாக்காரன் எழுதினால் முதல் வரியிலேயே மதகைத் திறக்க வேண்டும் என்று அரசாணையா போட்டிருக்கிறார்கள்?]

"மரியபுஷ்பம் டீச்சர் தன் வாழ்க்கையில் முதல்முறையாக—" [இப்படித் தொடங்கிய வாக்கியத்துக்குள் போனவர்கள் யாரும் பத்திரமாகத் திரும்பியதில்லை.]

"காரின் பின்பக்கம், சக்கர மேடுகளுக்கு நடுவே, அகலம் நாற்பத்திரண்டு அங்குலம்."

இது நிற்கிறது. அளந்த இடத்தில்தான் எதையும் கட்ட முடியும். அளந்தவர் டீச்சரின் கணவர் பெரியநாயகசாமி. குடவாசல் தாலுகாவில் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு பெற்றது ஆள்தான், டேப் இல்லை. மகன் எல்வின் கத்தார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போன ஏழு சீட்டுக் காரின் பின் சீட்டுகளை மடக்கி, உள்ளே மண்டியிட்டு அளந்து, நிலத்துக்கு வரைவதுபோல தாளில் புலப்படமே வரைந்துவிட்டார். வடக்கு திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தாராம். கார் எந்தப் பக்கம் திரும்பினால் வடக்கு என்று டீச்சர் கேட்டதற்கு, அம்பை இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கினாராம்.

3

இந்த இடத்தில் கதாபாத்திரத்துக்கு ஓர் ஆசை வேண்டும். ஆசை டீச்சருடையது. எய்டட் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்தவர். கடையில் நின்றபடி ரிஃப்கா அக்காவிடம் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"கல்யாணம், சாவு, பிரசவம், வேளாங்கண்ணி. இந்த நாலுல ஒண்ணு இல்லாம நான் வெளியூர்ல கண்ண மூடினதே இல்லம்மா. ஆத்துல தண்ணி வந்திருக்கு. கல்லணையில ஆரம்பிச்சு ஆத்தோடயே போகணும். எங்க இருட்டுதோ அங்க கார நிறுத்திப் படுத்துக்கணும். பூம்புகார்ல கடலப் பாத்ததும் திரும்பிடுவோம். ஒரு காரணமும் கிடையாது. காரணமே இல்லாம ஒரு தடவ போயிட்டு வரணும்."

"லாட்ஜ் போடலாம்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன்" என்றார் பெரியநாயகசாமி.

"லாட்ஜுன்னா நீங்க ரெண்டு ரூம் போடுவீங்க."

ரிஃப்கா அக்கா உடனே அளவு நாடாவை மடக்கிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வியாபாரிக்குத் தெரியும், சரக்கு எப்போது வெளியே வருகிறது என்று.*

(* சரக்கு இதுதான். பெரியநாயகசாமி குறட்டை விடுவார். முன்பொரு நாள் டீச்சர், வந்திருந்த நாத்தனார் ஜூலியட் முன்னால், "உங்க அண்ணன் பக்கத்துல படுக்குறதும் ரைஸ் மில்லு வாசல்ல படுக்குறதும் ஒண்ணுதான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அன்று ராத்திரி தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போன மனுஷன் திரும்ப அறைக்குள் வரவேயில்லை. சண்டை ஒன்றும் இல்லை. காபி, செய்தித்தாள், ஞாயிற்றுக்கிழமை பூசை எல்லாம் ஒன்றாகத்தான். தூக்கம் மட்டும் தனி. டீச்சரும் எத்தனையோ விதமாகக் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. "உனக்கு எதுக்குத் தொந்தரவு" என்று ஒரே பதில். காரில் ஹால் கிடையாது. இப்போது புரிகிறதா? டீச்சருக்கு ஆறும் வேண்டும், ஆளும் வேண்டும்.)

4

நம் ஊரில் மெத்தையை யாரும் முதுகால் வாங்குவதில்லை. உள்ளங்கையால் வாங்குகிறோம். வாழ்நாள் முழுக்கப் படுக்கப்போகிற சாமானை, பழக்கடையில் பப்பாளியை அமுக்குவதுபோல இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டு, "ம், பரவால்ல" என்கிறோம். நாலு பேர் பார்க்கக் கடையில் படுப்பதா? மானம் போய்விடாதா? வீட்டுக்குக் கொண்டுபோன பிறகும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றாமல், புரளும்போதெல்லாம் சரசரக்கிற சத்தத்தோடு வருஷக்கணக்கில் படுக்கிற சம்சாரங்கள் எனக்குத் தெரியும்.

இந்த உள்ளங்கையைத்தான் பெரியநாயகசாமி ஆயுதமாக எடுத்தார்.

"இது தேங்காய் நார் சார். முதுகுக்கு நல்லது" என்றார் ரிஃப்கா அக்கா.

அமுக்கினார். "பஸ் ஸ்டாண்டு பெஞ்சு."

"இலவம்பஞ்சு?"

"ஆத்தங்கரை ஈரத்தப் பூரா குடிச்சுரும். காலைல பிழிஞ்சு காயப்போடணும்."

"காத்தடிக்கிற மெத்தை பாருங்க. சுருட்டினா ஒரு கைப்பைக்குள்ள அடங்கிடும்."

"ஒருத்தர் புரண்டா இன்னொருத்தர் துள்ளுவாங்க. பூம்புகார் வர்றதுக்கு முன்னாடியே கடல்ல கிடக்கணும்."

"அப்ப மடிப்பு ஃபோம். மூணா மடிச்சு சீட்டுக்குப் பின்னால நிறுத்திக்கலாம். உங்க நாற்பத்திரண்டு அங்குலத்துக்கு அச்சா இருக்கு. ரொம்ப மெத்துன்னும் இல்ல, கட்டையும் இல்ல. சீட்டு மடிப்புல இருக்குற மேடு முதுகுல குத்தாது."

இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார். "சூடா இருக்கு."

"அது உங்க கைச் சூடு சார்!"

அதற்கு மேல் வழி இல்லாமல் மனுஷர் பையிலிருந்து புலப்படத்தை எடுத்து விரித்தார். "இத ரெண்டா வெட்டிக் குடுங்க. ஆளுக்கு ஒண்ணு. நடுவுல கொஞ்சம் எடம் விட்டு. ஒரு உட்பிரிவு மாதிரி."

டீச்சர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் படத்தைப் பார்த்தார். பரீட்சைத் தாளைப் பார்க்கிற பார்வை.

"நாற்பத்திரண்ட ரெண்டா வெட்டினா இருபத்தொண்ணு. அதுல நடுவுல எடம் வேற. இது படுக்கையா, வரப்பா? உட்பிரிவு பண்ணணும்னா ரெண்டு பட்டாதாரரும் கையெழுத்துப் போடணும், தெரியும்ல? நான் போட மாட்டேன். கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல சாமியார் நமக்குக் குடுத்தது கூட்டுப் பட்டா."

5

எனக்கு இங்கே ஒரு சந்தேகம் வந்து பேனா நின்றுவிட்டது. ஊரில் எத்தனையோ வாய்க்கால் தகராறுக்கு நடுவே நின்று கல் நட்ட ஆள், கேவலம் ஒரு குறட்டைக்கா இப்படிப் பயப்படுவார்? வாசகர் நம்புவாரா? அதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு போய் ரிஃப்கா அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"ஆம்பளைங்க எதுக்கு வேணாலும் வெக்கப்படுவாங்க தம்பி, பட வேண்டியதத் தவிர" என்றார். "அது சரி, இதுல எங்கடை பேரு எங்க?"

"கதைல அதெல்லாம் வராதுக்கா."

"எங்கடைல நடந்த கதை, எம்பேரு வருது, நான் பேசினது வருது, கடை பேரு மட்டும் வராதா? போன் நம்பரோட போடுங்க. இல்லாட்டி கடைசில என்ன ஆச்சுன்னு சொல்ல மாட்டேன்."

பேரம் நடந்தது. நான் பாத்திரக்கடை ரத்தம், விடுவேனா? டீ வந்தது, ஆறியது, இன்னொரு டீ வந்தது. கடைசியில் பெயர் மட்டும், நம்பர் இல்லை என்று முடிந்தது. ஆகவே, பேசியபடி: ரிஃப்கா மெத்தை மாளிகை, கமலாலயக் கரை, திருவாரூர்.

பாதிக்கு முடித்துவிட்டேன் என்று அப்போது எனக்குப் பெருமைதான்.

6

டீச்சர் ஒரு முடிவுக்கு வந்தார். "இத எடுத்துட்டு வந்து காருல போடுங்கம்மா. படுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்."

"ரோட்டுலயா!" என்றார் பெரியநாயகசாமி.

"ரோட்டுல இல்ல, கார்ல. நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு?"

"அப்ப நானே பாக்குறேன்."

கடை வாசலில் குளத்தைப் பார்த்தபடி கார் நின்றது. பின்கதவைத் தூக்கி, சீட்டை மடக்கி, மெத்தையை விரித்தார்கள். அளவு அச்சு. டீச்சர் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார். புடவைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு, ஏறி, படுத்தார். காலை பத்து மணி. சந்தடி உள்ள தெரு.

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த காத்தாயி எழுந்து ஓடி வந்தார். "என்னாச்சு, டீச்சருக்கு மயக்கமா?"

"இல்லக்கா. மெத்தை பாக்குறாங்க."

"இப்படியா பாப்பாங்க!"

"இப்படித்தான் பாக்கணும்" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

குளத்துக் காற்று வந்தது. ஓர் ஆட்டோ நின்று பார்த்துவிட்டுப் போனது. பெரியநாயகசாமி அந்தக் காருக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. குளத்தில் மோட்டார் போட்டிருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். இல்லை. காரின் ஏசி ஓடுகிறதோ என்று முன்பக்கம் போய்ப் பார்த்தார். சாவி அவர் பையில் இருந்தது. சர்வேயர் அல்லவா, எல்லைக் கல்லைத் தேடுவதுபோல சத்தத்தின் நான்கு பக்கத்தையும் பிடித்துக்கொண்டே வந்து பின்கதவருகே நின்றார்.

குறட்டை. சாதாரணக் குறட்டை இல்லை. நெல்லும் போட்டு, தவிடும் பிரித்து, உமியையும் வெளியே தள்ளுகிற குறட்டை.

"சார் மூஞ்சிய நீங்க பாத்திருக்கணுமே தம்பி" என்றார் ரிஃப்கா அக்கா. "புறம்போக்குன்னு விட்ட நிலம் தன் பேருல இருக்குன்னு தெரிஞ்சா ஒரு சிரிப்பு வருமே, அப்படி."

"எழுப்பவா சார்?" என்று அவர் கேட்டதற்கு, உதட்டில் விரல் வைத்துத் தலையாட்டினாராம்.

"வேணாங்க. ஓடட்டும்."

அப்படியே கதவோரம் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கச்சேரி கேட்பதுபோல நின்று கேட்டார். பிறகு கடைக்குள் வந்தார். "இதையே குடுங்க. ஒரே மெத்தை. வெட்ட வேணாம்." பேரம் பேசவில்லை. எண்ணிக்கூடப் பார்க்காமல் நோட்டை வைத்தார். பேரத்துக்கென்று ஏற்றிச் சொன்ன விலையை ஒருவர் அப்படியே கொடுத்தால் நல்ல வியாபாரிக்குத் தூக்கம் வராது. ரிஃப்கா அக்கா தாங்க முடியாமல் இரண்டு தலையணையைத் தானாகவே தூக்கிக் கொடுத்துவிட்டார். (என் தலையணை விலை ஏன் இறங்கவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது.)

7

டீச்சர் எழுந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பில்லும் கையுமாக நிற்கும் கணவரைப் பார்த்தார்.

"தூங்கிட்டனா? என்ன எல்லாரும் இப்படிச் சிரிக்கிறாங்க? ஏங்க, நான் ஏதாவது சத்தம் போட்டனா?"

பெரியநாயகசாமி என்ன சொன்னார்?

ஒரு முடிவு எழுதினேன்: உண்மையைச் சொல்கிறார். டீச்சர் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு— [கட்டாது. ஹாலில் ஏற்கெனவே ஒரு ஆள்.]

இன்னொன்று: "ஒண்ணும் கேக்கலையே" என்கிறார். கல்லணைக்குப் போகிறார்கள். தினமும் அவர் கொஞ்சம் முந்தி விழித்து, வெளியே ஆறும் உள்ளே மில்லும் ஓடுவதைக் கேட்டுக்கொண்டு சந்தோஷமாகப் படுத்திருக்கிறார். [எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.]

சரி, நடந்ததையே கேட்டுவிடுவோம் என்று ரிஃப்கா அக்காவிடம் போனேன். கடை பெயர் அச்சில் ஏறப்போவதைக் காட்டினேன். திருப்தியாகப் படித்தார்.

"இப்ப சொல்லுங்க. என்ன சொன்னாரு?"

"அவரு டீச்சர முன்சீட்டுல உக்கார வச்சு, கண்ணாடிய ஏத்திட்டுல்ல தம்பி சொன்னாரு. எனக்கு எப்படிக் கேக்கும்?"

பாத்திரக்கடைப் பரம்பரை மொத்தமும் ஒரு நிமிஷம் தலைகுனிந்து நின்றது. என் முகத்தைப் பார்த்து அக்காவுக்கே பாவமாகிவிட்டது.

"ஆனா ஒண்ணு. டீச்சர் கொறட்ட விட்டுட்டு இருக்கும்போது, கால் கட்டை விரல் ஆடிட்டே இருந்துச்சுன்னு காத்தாயி சொல்லுறா. தாளம் போடுற மாதிரி. தூங்குறவங்க அப்படி ஆட்டுவாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஊர்ப்பட்ட பிள்ளைகளின் பொய்த் தூக்கத்தை மதிய வகுப்பில் பார்த்துப் பழகிய தலைமை ஆசிரியை. எப்படித் தூங்கினால் நம்புவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் காத்தாயியின் வாய்க்கணக்கும் அவர் பூ அளக்கிற முழக்கணக்கு மாதிரி, கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். களைத்துப்போன பெண்மணி நல்ல மெத்தையில் நிஜமாகவே தூங்கியும் இருக்கலாம்.

கட்டை விரலை நம்புவதா வேண்டாமா என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். கார் மட்டும் அன்றே கல்லணைப் பக்கம் போய்விட்டது. கடையை மூடும்முன் கணக்கை முடித்துவிடலாம்:

மெத்தை: ஒன்று. வெட்டப்படாதது.

அவர் கேட்டு, சொல்லாமல் வைத்திருப்பது: ஒரு குறட்டை, சொல்லாமலிருந்தால்.

டீச்சர் செய்து, சொல்லாமல் வைத்திருப்பது: அதே குறட்டை, வேண்டுமென்றே செய்திருந்தால்.

ஹாலில் இருப்பு: இல்லை.

ஒருவருக்கொருவர் தர வேண்டியது: இருவரும் நேர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் கணக்கு தப்பு. யாருடையது என்கிற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அது உங்கள் பாக்கி.