இரண்டு விரல் மடிப்பு

"நேரா நில்லும்மா."

"நேராத்தாம்ப்பா நிக்கிறேன்."

முக்காலிமேல் நின்ற பதினொரு வயது மகளைச் சுற்றி, வாயில் குண்டூசிகளோடு முட்டிபோட்டு நகர்ந்தார் தையல் மாஸ்டர். புதுச் சீருடைப் பாவாடை இடப்பக்கம் தாழ்ந்து தொங்கியது. பாவாடைமேல் குற்றமில்லை. பிள்ளைக்கு இடது கால் குட்டை. இடுப்பு அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. மாஸ்டர் இடப்பக்கத்தை இரண்டு விரல் ஏற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். முந்தின வருஷம் ஒரு விரல்தான். வைத்தியம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது, பாவாடைக்கு.

இருபது வருஷத்தில் ஒரு துணிகூடக் கோணல் என்று தன் கடைக்குத் திரும்பி வந்ததில்லை என்பது மாஸ்டரின் பெருமை. பட்டன், காஜா, எம்மிங் என்று கைவேலை முழுக்க மனைவியின் தலையில். மகளின் கோணல் மடிப்பை வருஷா வருஷம் தைத்தவளும் அவளே. அந்தக் குற்ற உணர்ச்சி அவளை அரித்துக்கொண்டிருந்தது.

போன வாரம் எலும்பு டாக்டர் புட்டுப் புட்டு வைத்திருந்தார். நீளமான காலின் முட்டியருகே சின்னத் தகடு வைத்து வளர்ச்சியை மட்டுப்படுத்தினால், குட்டைக் கால் மெல்ல எட்டிப் பிடித்துவிடுமாம். ஆனால் வளர்கிற வயசிலேயே செய்ய வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு வளர்ச்சி சீக்கிரம் நின்றுவிடும், தள்ளிப் போடாதீர்கள் என்றார்.

மாஸ்டரின் அக்காவோ டாக்டருக்கும் மேலே. "பொண்ணு கால்ல தழும்பு விழுந்தா நாளைக்கு எவன் கட்டுவான்? பாவாடைக்குள்ள இருக்கறது யாருக்குத் தெரியப்போகுது?" அக்கா பேச்சுக்கு மாஸ்டரும் தலையாட்டிவிட்டார்.

மூத்த மகனுக்குக் கால் வளைந்திருந்தபோது இதே மாஸ்டர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு ஆஸ்பத்திரி ஏறி இறங்கினார். அவன் முட்டிக்குக் கீழேயும் சாண் நீளத் தழும்பு உண்டு. அதை அத்தைக்காரி வீரத் தழும்பு என்பாள்.

அன்று மதியம் மாஸ்டர் கண்ணயர்ந்ததும் மனைவி மகளை அருகில் அழைத்தாள். நாளைக்கு நாலு பேர் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், பரவாயில்லையா என்று கேட்டாள்.

"கால் சரியாயிடுமாம்மா?"

"அதுக்குத்தாண்டி."

"அப்பப் பார்க்கட்டும்."

அம்மா சாக்பீஸ் கோட்டைத் தட்டி அழித்தாள். அளவு நாடாவை வைத்து, பாவாடையைச் சுற்றிலும் ஒரே அளவாக மடித்துத் தைத்தாள்.

மறுநாள் காலை மகள் அந்தப் பாவாடையோடு கடை வாசலைக் கடந்தாள். உள்ளே துணி கொடுக்க வந்தவர்கள் ஐந்தாறு பேர். எதிர்க்கடைத் தையல்காரருக்கு அன்று முகத்தில்தான் எத்தனை சந்தோஷம்.

"என்ன மாஸ்டர், சொந்தப் பொண்ணு பாவாடையே இப்படிக் கோணிக்கிட்டுப் போகுது? கண்ணு மங்கிடுச்சா?"

கடையில் சிரிப்பு எழுந்தது. மாஸ்டருக்குச் சுருக்கென்றது. தான் போட்ட கோட்டில் மடிப்பு இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. நாடாவை உருவிக்கொண்டு தெருவில் இறங்கினார். மகளை நிறுத்தி, இடுப்பிலிருந்து விளிம்புவரை இரண்டு பக்கமும் அளந்து காட்டினார்.

"நல்லாப் பாருங்கய்யா. இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கமும் இருபது. என் தையல்ல குத்தம் சொல்லாதீங்க. பிள்ளைக்குக் கால்தான் குட்டை."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். எதிர்க்கடைக்காரர்கூடச் சிரிக்கவில்லை.

கடை மூலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி நூலைக் கடித்து அறுத்துவிட்டு எழுந்தாள்.

"ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இனிமே மறைக்க என்ன இருக்கு? நாங்க டாக்டரைப் பார்த்துட்டு வர்றோம்."

தெருமுனை திரும்பும்போது மகள் மெதுவாகக் கேட்டாள். "அத்தைகிட்ட சொல்ல வேணாமாம்மா?"

"உங்கப்பாவே சொல்லிக்குவாரு. ஊருக்கெல்லாம் அவர்தானே சொன்னாரு."