எனக்கு என்று முதலில் போட்டவள்

ஜெகதாப்பட்டினத்தில் 'சும்மா எடுத்துக்கோங்க' என்ற வாட்ஸ்அப் குழுவை மூன்று வருடமாக நான்தான் நடத்துகிறேன். வீட்டில் வேண்டாததைப் படம் எடுத்துப் போட வேண்டும். முதலில் 'எனக்கு' என்று போட்டவருக்குப் பொருள். சாயங்காலத்துக்குள் அவர் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். காசு பேசக் கூடாது, கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது, பூப்படத்தோடு காலை வணக்கம் போட்டால் இரண்டு நாள் நீக்கம். கறார்தான். கறாராக இல்லாவிட்டால் ஒரு பழைய கிரைண்டருக்கு இரண்டு தெரு அடித்துக்கொள்ளும். மற்றபடி கலகலப்பான குழு. ஓட்டை ஐஸ் பெட்டியைக்கூட யாராவது கோழி அடைக்க வாங்கிக்கொள்வார்கள்.

முந்நூறு பேரில் எதையுமே கேட்காதவள் சொர்ணம் ஒருத்திதான். அவள் கணவர் கண்ணுசாமி கடலில் காணாமல் போய் இரண்டு வருடம். உடல் கிடைக்கவில்லை. அதனால் அவள் பொட்டை அழிக்கவில்லை, அவர் துணி ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்கவுமில்லை. "குழுவுல போடேன், யாருக்காவது ஆகும்" என்று போன பொங்கலுக்கு நானே அவளிடம் சொன்னேன். அந்த வாயில் நானே அறைந்துகொள்ள வேண்டும்.

ஆடிக் கடைசியில் என் கணவர் வசந்தகுமார் வலை இழுக்கும்போது விசைப்படகிலிருந்து தவறி விழுந்தார். கூட இருந்தவர்கள் தேடித் தேடிப் பார்த்துவிட்டு அவர் இல்லாமல் கரைக்கு வந்தார்கள். அக்கரை இலங்கைக் கடற்படை பிடித்து வைத்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மற்ற சமயங்களில் அந்தச் செய்திக்குத்தான் இந்த ஊர் பயந்து சாகும். எனக்கு அது போதும் என்றிருந்தது. பிடிபட்டவர் உயிரோடு இருப்பார்.

நான்காம் நாள் உச்சிப்பொழுதில் குழுவில் ஒரு படம் வந்தது. கட்டம் போட்ட சட்டை, நனைந்திருந்தது. இரண்டாவது பட்டன் மட்டும் கறுப்பு. அதைத் தைத்தவள் நான். அவர் கடைசியாகப் போட்டுக்கொண்டு போன சட்டை. அனுப்பிய எண் உறுப்பினர் பட்டியலிலேயே இல்லை. கூப்பிட்டால் இரைச்சல் மட்டும் கேட்டது. நான் பதறிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தெரு பொன்னுத்தாயக்கா 'எனக்கு' என்று போட்டுவிட்டார்.

ஓடினேன். சட்டை அக்கா வாசல் கொடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டு தொங்கியது.

"யாரு வச்சாங்கன்னே தெரியலடி. ஒம் புருசன் சட்டையின்னு தெரிஞ்சா கேட்டுருப்பேனா? எடுத்துட்டுப் போ ஆத்தா" என்று என் கையில் திணித்தார்.

கொண்டுவந்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் பூட்டு பூட்டியபடி இருந்தது. சட்டை அக்கா வாசலில் சொட்டிக்கொண்டிருந்தது. மறுபடி கொண்டுவந்தேன், மறுபடி போய்விட்டது. முதலில் கேட்டவரிடம்தான் அது இருக்கும் என்று அப்போது புரிந்தது.

ஏழாம் நாள் அதே எண்ணிலிருந்து என் கணவரின் கைக்கடிகாரப் படம். நான் முந்திக்கொண்டேன். வாசலுக்குப் போனால் கேட்டில் மாட்டியிருந்தது, ஓடிக்கொண்டுமிருந்தது. இது எங்கும் போகவில்லை. அவரும் இப்படித்தான் வருவார் என்று அப்போது உறுதியாக நம்பினேன். அன்றிலிருந்து போனைக் கீழே வைக்கவில்லை. குளிக்கப் போகும்போதும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

ஒன்பதாம் நாள் அந்தப் படம் வந்தது. தண்ணீரில் ஒரு ஆணின் முதுகு. கீழே, 'ஆள் ஒன்று. மூச்சு இருக்கு.'

அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். சரியாக அடித்து அனுப்பியபோது, என்னுடையதற்கு மேலே இன்னொரு 'எனக்கு' நின்றது. சொர்ணம்.

அடுத்துச் செய்ததற்கு நான் வெட்கப்படவில்லை. அட்மின் அல்லவா? அவள் செய்தியை அழித்தேன். அவளையும் நீக்கினேன். என் 'எனக்கு' மட்டும் மிஞ்சியது. கேட்டை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

வெயில் தாழ என் கணவர் வந்தார். சட்டையில்லாமல், ஈரம் சொட்டச் சொட்ட, துறைமுகத்துப் பக்கமிருந்து நடந்து வந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். சில்லிட்டுக் கிடந்தது.

"கொஞ்சம் வழி விடு தங்கச்சி. வீட்டுல தேடுவாங்க" என்றார்.

எங்கள் கேட்டைத் தாண்டி, சொர்ணத்தின் வீட்டுக்குள் போனார்.

சண்டை போடத்தான் பின்னாலேயே போனேன். சொர்ணம் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

"முதுகுதான பிரகதி தெரிஞ்சுச்சு. எங்க வீட்டுக்காரருன்னு நெனச்சுட்டேன். சத்தியமா அவருன்னுதான் நெனச்சேன்."

எனக்குக் கோபம் வடிந்துவிட்டது. பயம்தான் இருந்தது. "சரி, ஒன்னையத் திரும்பச் சேத்துவிடுறேன். ஆளு வேணாம், எடுத்துக்கோங்கன்னு நீயே குழுவுல போட்டுரு. நான் ஒடனே கேட்டுக்கிறேன்" என்றேன். அங்கேயே நின்று அவளைச் சேர்த்தும் விட்டேன்.

உள்ளே அவர் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சொர்ணம், கொஞ்சம் ரசம்" என்று குரல் வந்தது. அவள் சட்டென்று திரும்பினாள். இரண்டு வருடத்தில் அவள் முகத்தில் நான் காணாத சந்தோஷம் அது.

"இன்னைக்கு ஒரு பொழுது இருக்கட்டும் பிரகதி. நாளைக்குப் போடுறேன்" என்றாள்.

வேறு யாரும் முந்திவிடக் கூடாது என்று மற்ற எல்லோரையும் ஒவ்வொருவராக நீக்கினேன். இப்போது குழுவில் நானும் சொர்ணமும் மட்டும்தான். ஊரில் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. என் கணவரோடு பத்து வருடம் ஒரே படகில் போன திருப்பதி, நேற்று என் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"கண்ணுசாமியே ரெண்டு வருசங் கழிச்சு வந்துட்டாரு. நம்ம அண்ணனும் வந்துருவாரு அண்ணி, மனசத் தளர விடாதீங்க."

தினமும் உச்சிப்பொழுதில் சொர்ணத்தின் பெயருக்குக் கீழே, அவள் ஏதோ எழுதுவதாகக் காட்டும். நான் 'எனக்கு' என்று அடித்து வைத்து, அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிடும். இன்றோடு பதினேழு நாள்.