கடைசிக் குரங்கு

ஏழாம் வகுப்புக்குக் குரங்கரசன் என்ற புத்த ஜாதகக் கதையை வாசித்தேன். தன் கூட்டம் தப்பிக்க, அரசன் ஆற்றின் குறுக்கே உடம்பையே பாலமாக நீட்டுகிறான். கடைசிக் குரங்கு மேலே ஓங்கிக் குதித்ததில் அரசன் முதுகு ஒடிந்து செத்துப்போகிறான்.

"முடிவை உங்க இஷ்டத்துக்கு மாத்தி எழுதிட்டு வாங்க" என்றேன்.

வேண்டாத வேலை. நோட்டுகளைத் திருத்தும்போதுதான் உறைத்தது, ரீபாவும் அந்த வகுப்பில் இருக்கிறாள் என்று.

தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் வந்தபோது, என் கணவர் எபனேசர் ஒன்பது பேரைத் தோளில் சுமந்து கரைசேர்த்தார். ஒன்பதாவது ரீபா. அவளை மேட்டில் நின்றவர்களிடம் தள்ளிவிட்டு, அவர் தண்ணீரோடு போய்விட்டார்.

மற்ற பிள்ளைகள் அரசனுக்கு வைத்தியம் பார்த்திருந்தார்கள். பெனோ இறக்கையே முளைக்க வைத்திருந்தான். ரீபா எழுதியது இரண்டே வரி: 'கடைசிக் குரங்கு, நான் வரவில்லை என்று சொல்லி மரத்திலேயே இருந்துவிட்டது. அரசன் வீட்டுக்குப் போய்விட்டான்.'

மறுநாள் அவளைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, இப்படியா எழுதுவ?" கோபமாகத்தான் கேட்டேன்.

"அப்படின்னா சார் இருந்திருப்பாங்கல்லா, டீச்சர்?"

அந்த முடிவை அவளுக்கு முன்பே நான் எத்தனையோ முறை மனத்துக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன்.