நெருப்பைக் காப்பவர்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அண்ணன் அதன்மேல் ஆட்டத்து வரைபடத்தை விரித்தான். காகிதம் சுருளாமல் இருக்க மூலைக்கொரு டம்ளர் வைத்தான். பென்சில் எடுக்கத் தன் கருவிப் பையருகே போனவன் அப்படியே நின்றுவிட்டான். பையின் வாரில் தம்பியின் பகடைப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, இது எப்படி இங்க வந்துச்சு?"

"காலையில அவன்தான் வந்து மாட்டிட்டுப் போனான். உன் சித்தி பொண்ணுகிட்ட குடுத்துடச் சொன்னான்," என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. "நேத்து அந்த ஹெட்போனை எதிர்வீட்டுக்காரருக்குத் தூக்கிக் குடுத்தான். அறையை ஒழிக்கிறான் போல. நல்லதுதானேடா?"

அண்ணன் பென்சிலை மறந்து தம்பியின் அறைக் கதவைப் பார்த்தான்.

அந்தப் பை என்னவென்று தெரிந்தால்தான் அவன் பயம் புரியும். அவர்கள் ஆடுவது கதை ஆட்டம். ஒருவர் கதை சொல்வார். இந்த வீட்டில் அது அண்ணன். 'இதோ ஒரு ஆறு, பாலம் உடைந்து கிடக்கிறது, என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று கேட்பான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் இருந்து பதில் சொல்வார்கள். ஆற்றைத் தாண்டுகிறேன் என்று சொல்வது ஆடுபவர் கையில் இருக்கிறது. தாண்டினாரா, விழுந்தாரா என்பது இருபது முகமுள்ள பகடையின் கையில். பெரிய எண் விழுந்தால் அக்கரை, சின்ன எண் விழுந்தால் முதலை. யார் ஜெயித்தது என்ற பேச்சே இல்லாததால் இந்த ஆட்டம் முடிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒரே கதை, அதே ஆட்கள் என்று வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது.

அவரவர் பகடை அவரவருக்கு. அடுத்தவர் பகடையில் விரல் படக்கூடாது. அந்த மேஜையில் யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. கூட ஆடும் பேக்கரிக்காரன் ஒருமுறை தெரியாத்தனமாகத் தம்பியின் பகடையை எடுத்து உருட்டிவிட்டான். தம்பி அதைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வைத்தான். அடுத்த ஆட்டம் வரை அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்டவன் இப்போது பையோடு கொடுத்திருக்கிறான்.

வேலை போனதிலிருந்து தம்பி அறையை விட்டு வந்து உட்கார்வது ஞாயிறு ஆட்டத்துக்கு மட்டும்தான். எது கேட்டாலும் 'ம்' என்பான். மேஜையில் உட்கார்ந்தால் மட்டும் பழைய ஆள். அவன் பாத்திரம் ஒற்றன். எல்லாருக்கும் முன்னால் போய் வழி பார்த்து வருபவன்.

ஆனால் மேஜைதான் காலியாகிக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரன் வேறு ஊருக்குப் போன பிறகு வீடியோவில் வந்தான். கொஞ்ச நாளில் கேமராவை அணைத்தான். அப்புறம் கூப்பிட்டால் மாவு பிசையும் இயந்திரம்தான் பதில் சொல்லியது. பல் டாக்டரம்மா போனிலேயே பகடை உருட்டத் தொடங்கினார், பிறகு போனிலேயே வேறு ஆட்டத்துக்குப் போய்விட்டார். சித்தி மகள் நர்ஸ். அவளுடைய ஞாயிற்றுக்கிழமை எந்தக் கிழமையில் வரும் என்று அவளுக்கே தெரியாது.

வராதவர்களுக்காக அண்ணன் ஒரு விதி செய்திருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட்டின் பிரேக் விசித்திரமானது: கரண்ட் இருக்கும்போது திறந்திருக்கும், கரண்ட் போனால் ஸ்பிரிங் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எது கெட்டாலும் பெட்டி விழாது, நின்ற இடத்தில் நிற்கும். அதே யோசனையை ஆட்டத்திலும் வைத்தான். யார் வரவில்லையோ அவருடைய பாத்திரம் அன்று முகாமில் நெருப்பைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு கீறலும் விழாது. ஆட்டம் நடக்க மூன்று பேராவது வேண்டும்.

அந்த விதி அழகாக வேலை செய்தது. நெருப்பருகே உட்கார்ந்தால் ஆபத்து இல்லை என்பதால், வராமல் இருப்பதிலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒரு வாரமும் தவறாமல் வந்தவன் தம்பி ஒருவன்தான். அதனால் காயமெல்லாம் ஒற்றனுக்கே விழுந்தது. கடைசி ஆட்டத்தில் சுரங்கம் சரிந்து ஒற்றன் பாறைக்குப் பின்னால், இருட்டில் மாட்டிக்கொண்டான். "அடுத்த வாரம் வந்து எடுத்துடறோம்டா," என்று எல்லாரும் எழுந்தார்கள். அதற்குப் பிறகு மூன்று பேர் சேரவே இல்லை. வாரங்கள் போயின. இப்போது அண்ணன் மேஜையில் கையூன்றி வரைபடத்தைப் பார்த்தான். முகாமில் மூன்று பேர் குளிர்காய்கிறார்கள். பாறைக்குப் பின்னால் ஒரு புள்ளி.

முதலில் நர்ஸைக் கூப்பிட்டான். பகடைப் பையைப் பற்றிச் சொன்னதும் அவள் குரல் மாறியது.

"அண்ணா, வேற என்னெல்லாம் குடுத்தான்?"

"ஹெட்போன்."

"கதவு பூட்டியிருக்கா? கூப்பிட்டா பதில் சொல்றானா?"

"தாழ் போட்டிருக்கான். இப்பதான் அம்மாவுக்கு 'ம்'னான்."

"அவனைத் தனியா விடாத. பேசிக்கிட்டே இரு. செத்துடலாம்னு தோணுதான்னு நேராவே கேளு. கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்படாத. பதில் நின்னா கதவை உடை, யோசிக்காத. எனக்கு டியூட்டி முடியுது, எங்க ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட சொல்லிட்டு நேரா வர்றேன். போனை மட்டும் வச்சுடாத."

"அவன் கதவைத் திறக்கணுமே. ஆட்டத்துக்குத்தான் திறப்பான். மூணு பேர் வேணும்."

"அப்ப நான் ஒருத்தி. மத்தவங்களை இழு."

பேக்கரிக்காரனை அந்த அழைப்பிலேயே சேர்த்தான்.

"டேய், அடுப்புல தட்டு உள்ள இருக்குடா. என்னை நெருப்புகிட்ட உட்கார வச்சுடு."

"நீ ஏற்கெனவே நெருப்புகிட்டதான்டா வேகிற. எழுந்திரு. அவன் பகடையைக் குடுத்துட்டான்."

இயந்திரச் சத்தம் நின்றது. "யாருக்கு?" என்றான். பிறகு, "கேமராவைப் போடறேன்," என்றான்.

அடுத்து டாக்டரம்மாவையும் சேர்த்தான். அவர் நீச்சல் குளத்தில் இருந்தார், மகளுக்கு வகுப்பு. சத்தம் எதிரொலித்தது.

"இப்ப யாருப்பா ஒரே கதையில வருஷக்கணக்கா உட்காருவாங்க? போன்ல ஒரு மணி நேர ஆட்டம் இருக்கு, பல்லைப் பிடுங்கின மாதிரி, ஆரம்பிச்சா முடிஞ்சுடும். நீயும் அதுக்கு..."

"டாக்டரம்மா, இன்னிக்கு முடியக்கூடாது."

அவன் சொன்ன விதத்தில் அவர் நிறுத்திக்கொண்டார். நர்ஸ் இரண்டே வரியில் விஷயத்தைச் சொன்னாள். "இருக்கேன்," என்றார் டாக்டரம்மா. "கட் பண்ணமாட்டேன்."

அண்ணன் போனை ஒரு கையிலும், பகடைப் பையை அதன் கயிற்றைப் பிடித்து மறுகையிலும் எடுத்துக்கொண்டு தம்பியின் அறைக்கு முன் தரையில் உட்கார்ந்தான். கதவை ஒரு பார்வை பார்த்தான், பழக்கதோஷம். உள்பக்கம் திறக்கும் கதவு, கீல்களெல்லாம் உள்ளே. இந்தப் பக்கத்தில் கழற்ற ஒரு திருகாணியும் இல்லை.

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். இப்போது அவளுக்கும் புரிந்திருந்தது.

"தம்பி, ஆட்டம் ஆரம்பிச்சாச்சு."

பதில் இல்லை. அண்ணன் எழப் போனான், தோளைக் கதவில் வைத்தான்.

"மூணு பேர் வேணும்," என்றது உள்ளிருந்து குரல். "ரூல்."

"மூணு பேர் இருக்காங்க."

"நெருப்புகிட்ட இருக்கறவங்க கணக்குல வரமாட்டாங்க."

"நெருப்பு அணைஞ்சு போச்சுடா. மழை. விறகெல்லாம் நனைஞ்சுடுச்சு. இனிமே அந்த ரூல் கிடையாது, அங்க யாரும் உட்கார முடியாது."

"அந்த ரூலை நீயே எடுத்துட்டியா?"

"நான் வச்ச ரூல்தானே."

போனைக் கதவின் அடியில் வைத்தான். பேக்கரிக்காரன் தொண்டையைச் செருமினான். "ஒற்றா, நான்தான்டா, மந்திரவாதி. எழுந்துட்டேன். சுரங்க வாசல்ல நிக்கிறேன். பயங்கர இருட்டு. என் கோல்ல ஒரு வெளிச்சமும் வரல, பாதி மந்திரம் மறந்து போச்சு."

"உனக்கு எப்ப ஞாபகம் இருந்துச்சு," என்றது உள்ளே குரல், மெதுவாக.

"நான் கோடாலியோட வர்றேன் தம்பி," என்றார் டாக்டரம்மா. "பாறையா நானா பார்த்துடலாம்."

"பாறை அவன் பக்கமும் அசையணும்," என்றான் அண்ணன் அவசரமாக. என்ன சொல்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. வாயில் வந்ததைக் கதையாக்கிக்கொண்டிருந்தான். "வெளியிலிருந்து மட்டும் இடிச்சா மேல விழுந்துடும். ஒற்றன் உள்ளேயிருந்து தள்ளணும். பகடை போடு."

"என்கிட்ட இல்ல."

"என்கிட்ட இருக்கு."

"நீயே போடு."

"உன் பகடையில நான் கை வைக்கமாட்டேன். கயித்தைப் பிடிச்சுத்தான் தூக்கிட்டு வந்தேன். அம்மாவைக் கேளு."

"ஆமாடா," என்றாள் அம்மா. "தொடவே இல்ல."

போனில் குளத்து நீர் அலம்பும் சத்தம் மட்டும். பிறகு தாழ் நகர்ந்தது. கதவு ஒரு கை அகலம் திறந்தது. இடைவெளியில் தம்பியின் கை நீண்டது. நகங்கள் வெட்டாமல் வளர்ந்திருந்தன. லிஃப்ட் கதவானால் இடையில் எது வந்தாலும் தானே பின்வாங்கித் திறந்துவிடும், அதற்கென்று ஒரு கருவி உண்டு. வீட்டுக் கதவுக்கு அது கிடையாது. அண்ணன் பையைக் கொடுத்த கையைத் திரும்ப எடுக்காமல் கதவு நிலையிலேயே ஊன்றி வைத்தான். மூடினால் விரல் நசுங்கட்டும்.

"டேய்," என்றான். "செத்துடலாம்னு தோணுதா?"

தம்பி பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"ம்," என்றான்.

எல்லாவற்றுக்கும் சொல்லும் அதே 'ம்'. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி," என்றான் அண்ணன். "சொன்னியே, அது போதும். இப்ப போடு."

பகடை தரையில் உருண்டு வாசற்படியில் முட்டி நின்றது. நான்கு.

"நகரல," என்றான் தம்பி. "பார்த்தியா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான் இல்ல. வெளியில ஆள் இருக்காங்க. டாக்டரம்மா, போடுங்க."

"போன்ல போடக்கூடாது," என்றான் தம்பி உடனே.

"போன்லயா? கைப்பையிலேயே கிடக்குப்பா என் பகடை, லிப்ஸ்டிக்கோட. இரு, இந்த பெஞ்சுல போடறேன்." ஏதோ உருளும் சத்தம். பிறகு 'ப்ளக்'. "அடக் கடவுளே!"

"என்ன நம்பர்?" என்றான் பேக்கரிக்காரன்.

"குளத்துக்குள்ள விழுந்துடுச்சு! அடியில கிடக்கு. குனிஞ்சு பார்க்கறேன், ஒண்ணும் தெரியல."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. மூக்கால் காற்று விட்டது போல.

"தண்ணிக்குள்ள விழுந்தா செல்லாது," என்றான் தம்பி. "எடுத்து மறுபடி போடணும்."

"மகளைத்தான் முங்க விடணும். இருப்பா, போயிடாத."

அண்ணனிடம் இருந்த கதை பாறையோடு முடிந்துவிட்டது. கதவு இன்னும் ஒரு கை அகலம்தான். அவன் விரல்கள் நிலையில் இருந்தன. அவற்றின்மேல் தம்பியின் விரல் ஒன்று, தெரியாமல் பட்டதுபோல், பட்டுக்கொண்டிருந்தது.

அப்போது படிக்கட்டுப் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. மேலே மோட்டார் அறையில் பிரேக் 'டக்' என்று விட்டுக்கொடுக்கும் சத்தம், அதன்பின் மோட்டாரின் முனகல். கீழே யாரோ ஏறியிருக்கிறார்கள். நர்ஸாக இருக்க வேண்டும். இந்தக் கட்டடத்து லிஃப்ட் எவ்வளவு மெதுவாக வரும் என்பது அவனுக்குத் தெரியும். அது வந்து சேரும்வரை கதை வேண்டும்.

"ஒற்றா," என்றான், "பாறைக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டறாங்க. கேக்குதா?"

"எத்தனை தடவை?" என்றான் தம்பி.

அண்ணன் வாயைத் திறந்தான்.