ஒரு பக்கம் முடியட்டும்

“மேஜையை நகர்த்தாதீங்க தம்பி. அது அங்கேயே இருக்கட்டும்.”

மேஜையின் ஒரு முனையைத் தூக்கியிருந்த கொழுந்தன் அப்படியே நிமிர்ந்தார். “பெட்டியைத் திருப்ப இடம் வேணுமே, அண்ணி.”

“உள்ளே வந்த வழியிலயே வெளியேயும் போகட்டும்.”

கூடத்து நடுவில் பெட்டி. அதற்குள் தேய்த்த சட்டையில் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும், ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்ததும் மகள் எவ்வளவோ துடைத்தும், நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகவில்லை. வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

மேஜைமேல் ரெக்கார்டு பிளேயர், கீழே ஓர் அடுக்கு இசைத்தட்டுகள். அவர் லிஃப்ட் பார்த்த ஹோட்டலில் வேண்டாமென்று ஒதுக்கியவற்றைப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்திருந்தார். அத்தனையும் ஜாஸ். சத்தம் என்று கீழ்வீட்டில் சண்டைக்கு வருவார்கள் என்பதால், மழை பெய்தால்தான் போடுவார். தன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியை விரித்து வைப்பார்.

“வாயேன், இப்படி உட்காந்து கேளு.”

“எனக்கு இங்கேயே கேக்குது. அடுப்புல வேலை கிடக்கு. ஒரு வார்த்தைகூட இல்லாத பாட்டுல அப்படி என்னத்தைத்தான் கேக்கறீங்களோ!”

“வார்த்தைதான் நீ நாள் முழுக்கத் தர்றியே!”

தட்டு முடிந்ததும் யாரும் உட்காராத நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிடுவார். எந்த மழைக்கும் இந்தப் பேச்சு மாறியதில்லை.

அவள் இப்போது அந்த நாற்காலியை எடுத்து, பெட்டிக்குப் பக்கத்தில் விரித்தாள்.

“தம்பி, ஒரு தட்டு போட்டுக் கேட்டுக்கறேன்.”

“என்ன அண்ணி இது! நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

“நினைச்சுட்டுப் போகட்டும். மனுஷன் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. நான் இப்பத்தான் வரேன்.”

கொழுந்தன் கைக்குட்டையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். “சரி. ஒரு பக்கம் முடியட்டும். முடிஞ்சதும் எடுத்துடணும். வண்டிக்காரர் அப்பவே ஹாரன் அடிச்சாச்சு.”

மகள் ஊசியை வைத்தாள். அவர் கடைசியாகக் கேட்ட தட்டு அதிலேயே இருந்தது.

டிரம்பெட் எழுந்தது. அதற்கு அடியில், யாரோ தரையை மெல்லப் பெருக்குவதுபோல் ஓர் உரசல். அதற்கும் அடியில் வயிற்றுக்குள் கேட்கிற மாதிரி ஒரு தந்தி. இதெல்லாம் இருந்ததா? சமையலறைச் சுவர் இத்தனை நாளும் இவற்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு அவளுக்குத் தெரிந்த இடம் வந்தது. டிரம்பெட் படியேறி, முதல் படிக்கே திரும்பி, மறுபடி ஏறியது.

“இது எனக்குத் தெரியும்,” என்று மகளின் காதருகே குனிந்து சொன்னாள். “இப்படியே ஏறி ஏறி வரும். அப்புறம் டொக்குன்னு ஒரு கொட்டு. அதுக்கப்புறம்தான் பாட்டு இறங்கும்.”

ஏறியது. மறுபடி ஏறியது. கொட்டு வரவில்லை.

மகள் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “அது பாட்டுல இல்லம்மா. தட்டுல கீறல். ஊசி மாட்டிக்கும். அப்பா எட்டி மேஜையில ஒரு தட்டு தட்டுவாரு.”

“எப்பவுமா?”

“எப்பவும்.”

“ஒரு பழுதை ஒரு நாள் விட்டு வைக்க மாட்டாரே.”

“வேற தட்டு வாங்கித் தரேன்னு சொன்னேம்மா. வேண்டாம்னுட்டாரு. ‘இந்த இடம் வந்தா உள்ளே உங்கம்மா கரண்டிச் சத்தம் நின்னுடும், கவனிச்சுப் பாரு’ன்னாரு.”

டிரம்பெட் ஏறிக்கொண்டேயிருந்தது. மகள் தட்டுவதற்குக் கையை நீட்டினாள்.

“நீ தட்டாதே.”

அவளே முன்னால் சாய்ந்தாள். மேஜை ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் வார்னிஷ் தேய்ந்து, மரம் வெளுத்திருந்தது. விரலை மடக்கி அங்கே வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

தெருவில் ஹாரன் ஒலித்தது. கொழுந்தன் வாசலுக்குப் போனார். வெளியே பார்த்து, பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு, “சாரல் அடிக்குது,” என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, கதவை மெல்லச் சாத்தினார்.