மூன்று குப்பியின் மணம்

கணவனின் தமையன் ஆழ்வாப்பிள்ளை, கணவனின் தங்கை குணலட்சுமி, ஈமக்கடன் கழிக்க வந்த ஐயர், பந்தலின்கீழ்ப் பாயிட்டு அமர்ந்த அயலவர் சிலர், அடுப்படியில், நெற்றிப் பொட்டு இன்னும் அழியாத மனைவி சிவக்கொழுந்து. ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆடித் திங்களில், கரவெட்டியில், அவ்வீட்டிற் கூடியிருந்தோர் இவரே. யாருக்காகக் கூடினரோ அவன் உடலாகக்கூட அங்கில்லை.

தென்மேற்கிலிருந்து வீசிய சோழகக் காற்றுப் பனந்தோப்புகளை உலுக்கி, வெறுமையான புகையிலைத் தோட்டங்களின் புழுதியை வாரி, வேலியில் ஊன்றித் துளிர்த்த கதியால்களின் தளிர்மேற் படியவிட்டுக் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. தொலைவிற் குண்டு விழும் ஓசை, கதவைத் தட்டிவிட்டுப் போகிறவனைப்போல இடையிடையே கேட்டது. யாரும் பேச்சை நிறுத்தவில்லை. பொழுது மேற்கே சாய்ந்தது.

படிப்போரே, அவள் கணவன் தியாகராசா மாத்தளையிற் கோப்பிக்கொட்டை வாங்கி வறுத்து விற்றவன். உயர்ந்த மலையின் குளிரில் விளைந்து, நீண்டு தட்டையாய், நடுக்கீறல் பாம்புபோல் நெளிந்து, மெல்லிய புளிப்பும் பூமணமும் உடையது அராபிக்கா. தாழ்ந்த சரிவில் நோய்க்கு அஞ்சாது வளர்ந்து, உருண்டு சிறுத்து, கீறல் நேராய் ஓடி, கசப்பால் நாவை அறைவது ரொபஸ்டா. நெடுமரத்திற் காய்த்துப் பருத்து, ஒருபுறம் கூம்பி மறுபுறம் சரிந்து, மரத்தூள் மணப்பது லைபீரிக்கா. மூன்றையும் ஒரே சட்டியில் இட்டால் சிறியது கருகும், பெரியது வேகாது என்பான். தான் குடித்தது அராபிக்கா ஒன்றே. லைபீரிக்காவைக் கண்டால், "உது கொட்டையில்லை, விறகு" என்று சிரிப்பான்.

எண்பத்துமூன்றின் ஆடிக் கலவரத்தில் மாத்தளைத் தெரு எரிந்தபோது, எங்கு போனாலும் இவற்றை வைத்துத் தொழில் தொடங்கலாம் என்று மூவகைக் கொட்டையும் நிரம்பிய மூன்று குப்பிகளை அவள் பையில் திணித்து, அவளை வடக்கே போகும் ஒரு பாரவண்டியில் ஏற்றினான்.

"கடையைப் பூட்டிப்போட்டு வாறன். நீ முன்னுக்குப் போ."

வரவில்லை. அன்றுமுதல் அவள் தன் வீட்டுத் தலைவாயிலைத் தாழிட்டதில்லை. கள்ளனுக்கும் வசதிதான் என்று ஆழ்வாப்பிள்ளை இடித்துரைத்தும் கேளாள்.

காணாமற் போனவன் பன்னிரண்டு ஆண்டு திரும்பாவிடின், புல்லால் உருச்செய்து எரித்துக் கடன் கழிப்பது வழக்கம். காலையில் அது முடிந்தது. எஞ்சியது படையல்: இறந்தவன் விரும்பியவற்றை அறையில் வைத்துக் கதவைச் சாத்தினால், அவன் வந்து உண்டு நிறைந்து போவான் என்பர்.

ஆழ்வாப்பிள்ளை அடுப்படி வாயிலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, அவன் விரும்பிக் குடிச்சதை வை. வயிறு நிறைஞ்சாத்தான் போவான்."

அவள் தலையசைத்தாள். நெஞ்சிலோ வேறு எண்ணம் இருந்தது. அவன் தீண்டாத லைபீரிக்காவை வைத்தால் படையல் அவனைச் சேராது, சேராவிடின் அவன் போகான், போகாதவன் இறந்தவனுமல்லன். ஊர் முழுதும் அவனை எரித்துவிட்டாலும், ஒரு கிண்ணக் கோப்பியால் அவனை உயிரோடு வைத்திருக்கலாம் என்றிருந்தாள்.

கோப்பியோடு மல்லி கொஞ்சம் சேர்ப்போமா என்று குணலட்சுமி கேட்டாள். கேட்ட கையோடு, அண்ணை அதைக் குடித்தால் வேப்பெண்ணெய் குடித்தவர்போல் முகஞ்சுழிப்பாரே என்று தானே சிரித்து, சிரித்ததற்காகவே அழுதாள்.

சிவக்கொழுந்து பெருங்கொட்டையை வறுத்தாள். விறகு மணம் எழவில்லை. பழஞ்சாக்கின் நாற்றமே எழுந்தது. திடுக்கிட்டு, அடுத்த குப்பியைத் திறந்து வேறு சட்டியில் வறுத்தாள்; அதுவும் சாக்கே. மூன்றாவதான அராபிக்காவை, அவன் வறுப்பதுபோல் இளந்தீயில் வறுத்து முகர்ந்தாள்; பூவுமில்லை, புளிப்புமில்லை. வடிவம் மட்டும் வேறுவேறாய்க் கிடக்க, மணமெல்லாம் ஒன்றாயிருந்தது. அவள் குப்பிகளைத் திறந்து பார்த்ததேயில்லை. மூடிவைத்தால் போகாது என்று நம்பியிருந்தாள்.

"என்ன மச்சாள், கருகிப்போச்சே?" என்றாள் குணலட்சுமி.

"இல்லை. பழசாப் போச்சு."

அவனை ஏமாற்றுதற்கும் மூன்றுக்குமிடையே ஒரு வேறுபாடு வேண்டுமே, அது இல்லை. பிறகு அவன் விரும்பிய, நெளிந்த கீறலுடைய கொட்டைகளை மட்டும் எடுத்து இடித்து, கொதிநீர் வார்த்து, வடித்து, தானே கொண்டுபோய்ப் படையல் இலையருகில் வைத்தாள். அறைக்கதவு சாத்தப்பட்டது. திறந்தபோது கோப்பி ஆறியிருந்தது, குறையவில்லை. ஐயர் நிறைவு என்றார்.

இருட்டுமுன் யாவரும் மிதிவண்டிகளிற் போயினர். சிவக்கொழுந்து நெற்றியைத் தன் சேலைத் தலைப்பாலேயே துடைத்துக்கொண்டு தலைவாயிலில் நின்றாள். ஓர் ஆள் படியிறங்கி, முற்றத்தைக் கடந்து, வேலிப் படலையைத் தாண்டிப் போகும் அளவுக்குப் பொறுத்தாள். அதன்பின், பன்னிரண்டு ஆண்டாக அசையாது துருவேறிய சாவியை இரு கையாலும் திருகி, அவன் பின்னால் கதவைப் பூட்டினாள்.