பதினான்காம் எண் கட்டை மீன்

யுவராணி வேலை பார்த்த தொழிற்சாலை அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து செய்யாறுக்குப் போகப்போகிறது என்று ஆடி மாதத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பொங்கலுக்குப் பிறகு இங்கே ஷட்டர் திறக்காது. வர விரும்புகிறவர்களுக்குக் கம்பெனி பேருந்து உண்டு. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். யுவராணி பதினொரு வருடமாக அங்கே வால்வு பாகங்களை அளந்து பார்த்துத் தேர்வு செய்யும் பிரிவில் இருந்தாள். செய்யாறுக்குப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள். அதற்குப் பதிலாக என்ன செய்வது என்பதுதான் பாக்கி இருந்தது.

அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. மரத்தில் மீன் செய்து விற்பது.

விரால், மற்ற மீன்களையும் தவளைகளையும் துரத்திப் பிடித்துத் தின்னும் மீன். ஒரு மரத்துண்டைச் சின்ன மீனைப் போலச் செதுக்கி, வயிற்றில் முன்னும் பின்னும் முள் மாட்டி, தூர எறிந்து ரீலைச் சுற்றினால், உயிருள்ளது ஓடுகிறது என்று நம்பிப் பாய்ந்து கவ்வும். கடைகளில் இது பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது. லூர் என்று கேட்டால் தருவார்கள். யுவராணியின் கணவன் உதயகுமார் ஆவடியில் ஒரு டயர் கடையில் வீல் பேலன்ஸ் பார்க்கிறவன், சக்கரம் ஒரு பக்கம் இழுக்காதபடி ஈயம் வைத்துச் சமன் செய்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சேக்காட்டுக்குப் பின்புறத்து ஏரியில் தூண்டில் போடுவான். போன கோடையில் அவனுடைய ஒரே லூர் வேலங்கிளையில் சிக்கி உடைந்தது. யுவராணி அந்த இரண்டு துண்டுகளையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து, அதே போல ஒன்றை மரத்தில் செய்து கொடுத்தாள். அது தலைகீழாக மிதந்தது. அதற்கு ஒன்று என்று எண் போட்டாள்.

அதன்பின் நின்றபாடில்லை. மரம், எஸ்டேட்டில் மெஷின் வந்து இறங்கும் பெட்டிகளின் பைன் பலகை. அடிவயிற்றில் துளையிட்டு வைக்கும் ஈயம், உதயகுமார் சக்கரங்களிலிருந்து கழற்றிப் போட்ட பழைய ஈயத்துண்டு. மீன் முங்கி நீந்துவதற்காக முகவாயில் செருகும் தகடு, உடைந்த ஹெல்மெட் கண்ணாடியில் வெட்டியது. பாத்திரம் தேய்க்கும் நைலான் வலையை மேலே போர்த்தி வண்ணத்தை அடித்தால் செதில் செதிலாக விழுந்தது. ஒவ்வொன்றையும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பார்த்து, எந்தப் பக்கம் சாய்கிறது என்று நோட்டில் எழுதினாள். பதினான்காவது, சாயாமல், வாலை இரு பக்கமும் ஒரே அளவு ஆட்டிக்கொண்டு வந்தது.

அதை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனாள். அங்கே தேவராஜ் என்பவர் தூண்டில் சாமான் கடை வைத்திருந்தார். அவர் கட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"சோக்கா கீதும்மா. ஆனா வாங்க வர்றவன் இன்னா கேப்பான்? கடிக்குமா அண்ணாத்தேன்னு கேப்பான். நான் இன்னா, தலைல அடிச்சி சத்தியம் பண்றதா? வெரால் வாயில இது மாட்டிகினு கீற மாதிரி ஒரு வீடியோ காட்டு. அன்னிக்கே தொங்க வுடறேன்."

"எங்க தொங்க வுடுவீங்க? உள்ளயா?"

"முன்னாடிம்மா. கை படற எடத்துல."

யுவராணி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆவணியிலிருந்து ஐப்பசி வரை ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் போயின. உதயகுமார் எறிவான், யுவராணி கரையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு மீனும் கடிக்கவில்லை. சற்றுத் தள்ளி வேம்புலி உட்கார்ந்திருப்பார். அறுபது வயதைத் தாண்டியவர். முள்ளில் உயிர்த்தவளையைக் குத்தி விடுகிறவர். வாரம் ஒன்றாவது அவருடைய கோணிப்பைக்குள் துள்ளும்.

"இன்னா நைனா," என்பார் உதயகுமாரைப் பார்த்து, "பொம்மைய குளிப்பாட்டிக்கினு கீறியா? சோப்பு எட்துகினு வந்தியா?"

"இது சைன்ஸ் பெரிசு. உனுக்குப் புரியாது."

"மீனுக்குப் புரிஞ்சா போதும்பா. எனுக்கு எதுக்கு?"

தீபாவளி மழையில் ஏரி நிறைந்தது. அதற்கடுத்த ஞாயிறு வேம்புலி வரவில்லை. உதயகுமார் வழக்கமான இடத்தை விட்டுவிட்டு, கோரைப்புல் அடர்ந்த மூலைக்குப் போனான். செல்போனைத் தயாராக வைக்கச் சொன்னான். முதல் எறிதலிலேயே, கட்டை விழுந்து மூன்று சுற்றுகூட ஆகவில்லை, தண்ணீர் பிளந்தது. தூண்டில் ராடு வில்லாக வளைந்தது. இரண்டு நிமிடத்தில், முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் சேற்றில் கிடந்து புரண்டது. பதினான்காம் எண் அதன் வாயில் குறுக்காக நின்றது.

"புடிச்சிகினியா? வீடியோ வுழுந்துச்சா?" உதயகுமார் கத்தினான்.

"வுழுந்துச்சு, வுழுந்துச்சு!" யுவராணி படத்தை ஓட்டிக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். அவள் மீனின் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகுதான் கோரைப் பக்கம் அவள் கண் போனது. அங்கே ஒரு முறம் அளவு இடத்தில் தண்ணீர் உலையில் அரிசி கொதிப்பது போலக் குமிழிட்டுக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால், சிவப்பு நூல் துண்டுகள் போல நூற்றுக்கணக்கில் குஞ்சுகள். மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போயின, மறுபடி வந்தன.

"இன்னாது அது?"

உதயகுமார் முள்ளைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தான்.

"உன்னத்தான்யா கேக்கறேன். இன்னாது அது?"

"குஞ்சுங்க."

"இதோடதா?"

"இதோடதுதான். ஆணும் பொண்ணும் கூடவே காவல் காக்கும்."

அவன் அந்த ஊரிலேயே பிறந்தவன். குஞ்சு மேய்க்கிற விராலின்மேல் அந்த ஏரியில் யாரும் தூண்டில் போடுவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். பெரியது போனால் ஜிலேபி மீன்கள் புகுந்து ஒரு பொழுதில் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். அது மட்டுமல்ல, அந்தச் சமயத்தில் கிட்டே எது வந்தாலும் விரால் பாயும். பசிக்காக அல்ல, விரட்டுவதற்காக. இதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகக் கேட்டு அவனிடமிருந்து வாங்கினாள்.

"மொதல்ல தண்ணில வுடு," என்றாள்.

அவன் விட்டான். மீன் சற்று நேரம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பிறகு நிமிர்ந்து, கலங்கலுக்குள் மறைந்தது.

யுவராணியின் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வேலை தொடங்குமுன், தவறான அளவு என்று தெரிந்தே வைத்திருக்கும் ஒரு பாகத்தை அளவுகருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பாகத்துக்குச் சிவப்பு வண்ணம் அடித்திருக்கும். கருவி அதைத் தவறு என்று தள்ளினால் வேலையைத் தொடங்கலாம். அதையும் சரி என்று காட்டினால் கருவியே சரியில்லை. அது சரி என்று சொன்ன எதையும் நம்பக்கூடாது.

அவள் கரையோரம் தேடினாள். ஓர் அறுந்த ரப்பர் செருப்பு கிடந்தது. அதன் குதிகால் பகுதியைக் கத்தியால் அறுத்து, துளையிட்டுத் தூண்டில் நரம்பில் கட்டினாள். முள் வைக்கவில்லை. அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு உதயகுமாரிடம் நீட்டினாள்.

"அதே எடத்துல எறி."

"உனுக்கு இன்னா ஆச்சி? செருப்ப எறிய சொல்ற?"

"எறிய்யா."

எறிந்தான். செருப்பு, குஞ்சுக்கூட்டத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. உடனே தண்ணீர் பிளந்தது. முதல் மீனோ அதன் ஜோடியோ, ஒரு விரால் செருப்பைக் கவ்வி, உதறி, துப்பியது. யுவராணி அதையும் படம் எடுத்தாள்.

"பாத்தியா?" என்றாள். "செருப்பும் பாஸ்."

"அதுக்கு? வீடியோல கோரையும் தெரில, குஞ்சும் தெரில. கட்டை தெரியிது, மீன் தெரியிது. தேவராஜ் கேட்டது அவ்ளோதான்."

"வாங்கினு போறவன் குஞ்சு மேலயா எறிவான்? சும்மா தண்ணில எறிவான். கடிக்கலன்னா திரும்ப எட்துகினு வருவான். திரும்பி வர்ற சரக்கு இன்னா பண்ணும்னு நான் பதினொரு வருசமா பாத்துகினு கீறேன்."

"ஒம்போது வாரம் கை கழல எறிஞ்சிருக்கேன் யுவா."

"நான் இல்லன்னு சொல்லல."

அவன் நரம்பைச் சுற்றி வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

திங்கட்கிழமை மதியம் தேவராஜிடமிருந்து போன் வந்தது. "இருபது கொண்டா" என்றார். உதயகுமார் காலையிலேயே முதல் வீடியோவை அவருக்கு அனுப்பியிருந்தான். யுவராணி அதைக் கேட்டுக்கொண்டு, சாயங்காலம் வருவதாகச் சொன்னாள். அன்று செய்யாறு பேருந்துக்குப் பெயர் கொடுக்கும் தாள் மேசை மேசையாக வந்துகொண்டிருந்தது. அவளிடம் வந்தபோது கையெழுத்துப் போடாமல் அடுத்த மேசைக்குத் தள்ளினாள். வேலை முடிந்ததும் பூந்தமல்லிக்கு பஸ் ஏறினாள்.

இரண்டாவது வீடியோவைத் தேவராஜ் இரண்டு தடவை பார்த்தார்.

"செருப்பையா கடிச்சிது?"

"ஆமாண்ணா."

"நான் குரூப்ல போட்டு வுட்டனேம்மா! மூணு பேரு கேட்டுகினானுங்க. அவனுங்ககிட்ட இப்ப இன்னா சொல்றது?"

"டெஸ்ட்ல கீதுன்னு சொல்லுங்க."

"உன் ஊட்டுக்காரன் அனுப்பினானே, அவன் கைல நீ சொல்லலையா?"

"அவரு கைல நான் பேசிக்கிறேன்."

தேவராஜ் எரிச்சலில் கல்லாவை மூடித் திறந்தார். அவர் சொன்னது இதுதான்: மார்கழி முடிவதற்குள் புதுச் சரக்குப் பெட்டிகள் வந்து இறங்கிவிடும், வந்துவிட்டால் முன்னால் தொங்கவிட இடம் இருக்காது, அதற்குள் கோரைப் பக்கம் போகாமல் ஒரு கடி காட்டினால் பார்க்கலாம்.

அடுத்த இரண்டு ஞாயிறும் உதயகுமார் ஏரிக்கு வரவில்லை. தூங்கினான், அல்லது தூங்குவது போலப் படுத்திருந்தான். யுவராணி ராடை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். அவளுக்கு எறியத் தெரியாது. முதல் நாள் முள் அவள் துப்பட்டாவையே பிடித்தது. வேம்புலி வந்து பிரித்துவிட்டார்.

"கட்டைய எறியறியா, இல்ல உன்னையே எறிஞ்சிக்கிறியாம்மா?"

மூன்றாவது ஞாயிறு உதயகுமார் வண்டியை வெளியே எடுத்து நின்றான். அவள் ஏறிக்கொண்டாள். ஏரியில் ராடை அவன் கேட்கவில்லை. எறியும்போது நரம்பை அழுத்தியிருக்கும் கட்டைவிரலை எப்போது விட வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தான். "சீக்கிரம் வுடாத. நெத்திக்கு நேரா வரப்ப வுடு." அந்த வாரமும் அதற்கடுத்த வாரங்களிலும் ஒன்றும் இல்லை. அவள் ஹெல்மெட் கண்ணாடித் தகட்டின் ஓரத்தை இரண்டு முறை அரம் போட்டு, கட்டை இன்னும் மெதுவாக முங்கும்படி செய்தாள்.

மார்கழியில் கடைசிக்கு முந்தின ஞாயிறு, மதகுக்கு எதிரே எறிந்தாள். அங்கே கோரை இல்லை, குஞ்சுகளும் இல்லை, தெளிந்த தண்ணீர்தான். பத்தாவதோ பதினோராவதோ எறிதலில், பாதி வழியில், ராடின் நுனி கீழே இழுபட்டது. அவள் கத்தவில்லை. உதயகுமார்தான் கத்தினான். "லூஸ் வுடு, லூஸ் வுடு! ஐய, இப்ப இழு!" மீன் ஒரு தடவை மேலே வந்து பக்கம் காட்டியது. அவன் செல்போனை எடுக்கப் பையைத் துழாவினான். எடுப்பதற்குள் நரம்பு தளர்ந்துவிட்டது. கட்டை மட்டும் தண்ணீரைக் கீறிக்கொண்டு கரைக்கு வந்தது.

உதயகுமார் தரையில் உட்கார்ந்துவிட்டான். "போச்சா. தாராந்துச்சி. போனை மின்னாடியே எட்துனு நிந்திருக்கணும் நான்."

மதகின்மேல் உட்கார்ந்திருந்த வேம்புலி எழுந்து வந்தார். "வெரால்தான். ஒண்ணர கிலோக்குக் கொறையாது," என்றார். பொம்மை என்று அன்று சொல்லவில்லை. தன் தவளை டப்பாவை எடுத்துக்கொண்டு, அவர்கள் எறிந்த இடத்துக்குக் கொஞ்சம் கிட்டே போய் உட்கார்ந்தார்.

யுவராணி கட்டையைத் துடைத்துப் பார்த்தாள். முதுகிலும் அடிவயிற்றிலும் வண்ணம் பெயர்ந்து, வெள்ளை மரம் தெரியப் பல் பதிந்திருந்தது. வால் பக்கத்திலிருந்து கவ்வியிருக்கிறது. பல்தடம் பின்முள்ளுக்கும் பின்னால் இருந்தது. முள் வாய்க்குள் போகவே இல்லை, உதட்டோரத்தில் மட்டும் பட்டிருக்கிறது.

மறுநாள் பூந்தமல்லியில் தேவராஜ், "மீன் எங்கம்மா?" என்று கேட்டார்.

"ஏரில."

"வீடியோ?"

"இல்ல. இதான் கீது."

அவர் கட்டையை வாங்கி, பல்தடத்தில் நகத்தை வைத்து வைத்துப் பார்த்தார். முதுகில் ஏழு, அடியில் ஐந்து. கடைக்கு வந்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "வெராலா அண்ணே?" என்றார். "பின்ன, எலியா?" என்றார் தேவராஜ். பிறகு யுவராணியிடம், "ஆறு கொண்டா. போச்சின்னா மறுபடி ஆறு. இத்த இங்கியே வுட்டுட்டுப் போ. இத்தப் பாத்தாத்தான் வாங்குவான்," என்றார்.

"ஒரு வாரம் கழிச்சித் தரேண்ணா. இப்ப எனுக்கு வேணும்."

"எதுக்கு?"

"அளவு எடுக்கணும்."

வீட்டுக்கு வந்து வெர்னியரை எடுத்தாள். பின்முள் மாட்டிய வளையத்திலிருந்து பல்தடம் வரை ஒன்பது மில்லிமீட்டர் இருந்தது. பெட்டிப் பலகையில் ஆறு துண்டுகளைக் கோடு போட்டாள். ஆறிலும் பின்முள்ளின் இடத்தை ஒன்பது மில்லிமீட்டர் வால் பக்கம் தள்ளிக் குறித்தாள். முள் பின்னால் போவதால் ஈயத்தை எவ்வளவு முன்னே நகர்த்துவது என்று உதயகுமாரைக் கேட்டாள். அது அவனுடைய தொழில். அவன் சாப்பிட்ட கையோடு வந்து, ஒரு துண்டை விரல்மேல் நிறுத்தி, சாயாத இடத்தைக் காட்டினான்.